கப்பல் பட்டியலை எக்செல்லில் போட்டுக் கணக்குப் பார்ப்பது எப்படி

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கே போனாலும் நம்மவர்களில் யாராவது ஒருவர் தன் முன்னோர் வந்த கப்பலைத் தேடிக்கொண்டிருக்கிறார். சிலருக்கு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கக் காலனி எண், அதாவது ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட பதிவு எண், வேண்டும், சிலருக்கு எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். தேடிய பெயர் கிடைத்த உடனே பட்டியலை மூடிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பெயருக்கு மேலேயும் கீழேயும் அதே கப்பலில் வந்த இன்னும் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கொள்ளுப்பாட்டி அந்தக் கூட்டத்தில் வயதில் சின்னவளா, தன் ஜில்லாவிலிருந்து வந்த ஒரே ஆளா, எத்தனை பெண்களோடு வந்தாள் என்பதெல்லாம் தெரியும். இதற்குப் பெரிய புள்ளியியல் படிப்பு எதுவும் வேண்டாம், வீட்டுக் கணினியில் இருக்கும் எக்செல் போதும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது. அப்புறம் 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது இன்றைய குவாசுலு-நேட்டால் பகுதிக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர் என்பது கணக்கு. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, கிராமம் என்று ஒரு வரி எழுதப்பட்டது. பட்டியல்களுக்கு டர்பனில் உள்ள ஆவணக் காப்பகத்தையும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்தையும் அணுகலாம்.

இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். எண்ணைக் கணக்குப் போடும் முன் அந்த எண் யார் சொல்லி, யார் எழுதி அந்தக் கட்டத்துக்குள் வந்தது என்று பாருங்கள். சராசரி கண்டுபிடிக்க எக்செல்லுக்கு ஒரு நொடி போதும், ஆனால் அந்தச் சராசரிக்கு அர்த்தம் இருக்கிறதா என்று அது சொல்லாது.

ஒரு குறிப்பு. சூத்திரப் பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். =ஆவரேஜ்(டி2:டி343) என்று நான் எழுதினால் நீங்கள் அதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டும். கீழே எடுத்துக்காட்டாக வரும் வயதுகளும் தலைக்கணக்குகளும் கணக்கைக் காட்ட நான் போட்டவை, எந்தக் கப்பலின் பட்டியலிலிருந்தும் எடுத்தவை அல்ல.

காற்புள்ளியா, புள்ளியா?

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் இதை முதலில் சரிபார்த்தே ஆகவேண்டும். விண்டோஸில் நாட்டைத் தென்னாப்பிரிக்கா என்று வைத்தால் தசமக் குறியாகப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வந்துவிடும், அதாவது அரை என்பது 0,5. தசமத்துக்குக் காற்புள்ளி போய்விட்டதால் சூத்திரத்துக்குள் ஒன்றையும் இன்னொன்றையும் பிரிக்க அரைப்புள்ளி போடவேண்டும். இந்தியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது சொல்லிக்கொடுக்கும் சூத்திரத்தை அப்படியே ஒட்டினால் எக்செல் 'பிழை' என்று சண்டைக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான். எண்களில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பிழைச் செய்தியே வராது. 0.5 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், சராசரியில் அது சேராது, நமக்குத் தெரியவும் தெரியாது.

இரண்டு வழி உண்டு. கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' பகுதிக்குப் போய் 'அடிஷனல் செட்டிங்ஸ்' திறந்து தசமக் குறியைப் புள்ளியாகவும் பட்டியல் பிரிப்பானைக் காற்புள்ளியாகவும் மாற்றலாம். இல்லையென்றால் நாட்டு வழக்கப்படியே விட்டுவிட்டு அரைப்புள்ளியோடு பழகிக்கொள்ளலாம். வீட்டில் வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் அதே கணினியில் இருந்தால் மாற்றாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. கீழே எல்லாச் சூத்திரத்திலும் அரைப்புள்ளிதான் போட்டிருக்கிறேன். கூகுள் ஷீட்ஸில் இதே அமைப்பு 'ஃபைல்' பட்டியலில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'லொக்கேல்' என்ற பெயரில் இருக்கிறது.

பட்டியலை அமைப்பது

ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு தகவலுக்கு ஒரு நெடுவரிசை. ஏ-யில் காலனி எண், பி-யில் பெயர், சி-யில் தந்தை பெயர், டி-யில் வயது, இ-யில் பாலினம் (ஆணுக்கு 'எம்', பெண்ணுக்கு 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து), எஃப்-இல் ஜில்லா, ஜி-யில் கிராமம், எச்-இல் கப்பல், ஐ-யில் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி தலைப்பு. 342 பேர் என்றால் விவரம் 2-ஆம் வரியில் தொடங்கி 343-ஆம் வரியில் முடியும். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் ஒரு காலி வரி விடுவது, 'இவர் மனைவி' என்று ஓரத்தில் எழுதுவது, கட்டங்களை ஒன்றாகச் சேர்ப்பது, இதெல்லாம் கண்ணுக்கு அழகாக இருக்கும், கணக்குக்கு ஆகாது. குடும்ப உறவைக் குறிக்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள்.

பட்டியல் கைக்கு வந்த நிலையிலேயே அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்து 'மூலம்' என்று பெயர் வைத்துவிடுங்கள், அதில் இனி ஒரு எழுத்தைக்கூடத் தொடவேண்டாம். திருத்தம், கணக்கு எல்லாம் இன்னொரு தாளில்தான். எந்த எழுத்தர் எப்படி எழுதினாரோ அதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி, அதை நம் வசதிக்கு அழித்தால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

தேதியில் ஒரு பெரிய குழி இருக்கிறது. எக்செல்லுக்கு நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. 1860 நவம்பர் 16 என்று எழுதினால் அது பெயரைப் போல ஒரு எழுத்துத் தொடராகக் கிடக்கும், வரிசைப்படுத்தினால் தாறுமாறாகப் போகும், ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் பிழை வரும். சரி, 'டேட்' சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று =டேட்(1860;11;16) எழுதினால் அது 1860-ஐ 1900-த்தோடு கூட்டி 3760-ஆம் ஆண்டு என்று விடை தரும்! நம் கப்பல்களில் பெரும்பாலானவை 1900-க்கு முன் வந்தவை என்பதால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் மூன்று தனி நெடுவரிசைகளில் சாதாரண எண்ணாக எழுதுவதே பாதுகாப்பு. லிப்ரஆபிஸ் கால்க் பழைய தேதிகளையும் தேதியாகவே ஏற்றுக்கொள்ளும், ஆனால் கோப்பை நாளைக்கு எக்செல் வைத்திருக்கும் உறவினருக்கு அனுப்பினால் அங்கே போய்ச் சிக்கல் தொடங்கும், அதனால் அங்கேயும் மூன்றாகவே பிரித்துவிடுங்கள்.

சுத்தம் செய்தல்

நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான், இதில் அவசரப்பட்டால் அடுத்து வருவதெல்லாம் வீண். முதலில் வயது நெடுவரிசையைச் சோதிப்போம். ஒரு காலிக் கட்டத்தில் =கவுன்ட்ஏ(டி2:டி343) என்றும் பக்கத்தில் =கவுன்ட்(டி2:டி343) என்றும் எழுதுங்கள். முதலாவது ஏதோ ஒன்று எழுதப்பட்ட கட்டங்களை எல்லாம் எண்ணும், இரண்டாவது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். 340 என்றும் 331 என்றும் வந்தால் ஒன்பது கட்டங்களில் எண் மாதிரித் தெரிகிற எழுத்து இருக்கிறது, இரண்டு கட்டங்கள் காலி. அந்த ஒன்பதும் பெரும்பாலும் கைக்குழந்தைகளாக இருக்கும், '6 மாதம்' என்று எழுதியிருப்பார்கள். அதை =6/12 என்று மாற்றினால் 0,5 ஆகிவிடும். சமன்குறி போடாமல் 1/2 என்று எழுதாதீர்கள், எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும்.

வயது தெரியாதவருக்கு 0 போடவே கூடாது. காலியாக விடுங்கள். 0 என்றால் அன்று பிறந்த குழந்தை என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், சராசரி கீழே இறங்கும். காலிக் கட்டத்தை அது கணக்கில் சேர்க்காது.

அப்புறம் ஜில்லா. ஒரே ஜில்லாவை எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சுலபமான வழி பிவட் டேபிள், அதாவது ஒரே மாதிரியானவற்றைத் தொகுத்து எண்ணித் தரும் அட்டவணை. விவரத்துக்குள் எங்கேயாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு 'இன்சர்ட்' போய் 'பிவட் டேபிள்' அழுத்துங்கள், ஜில்லாவை 'ரோஸ்' பகுதிக்கும் காலனி எண்ணை 'வேல்யூஸ்' பகுதிக்கும் இழுத்து விடுங்கள். வேல்யூஸில் 'சம்' என்று வந்திருந்தால் 'கவுன்ட்' என்று மாற்றவேண்டும், இல்லையென்றால் காலனி எண்களையே கூட்டித் தந்துவிடும். இப்போது 'நார்த் ஆர்காட்', 'என். ஆர்காட்', 'ஆர்காட் நார்த்' என்று வட ஆற்காடு மட்டுமே மூன்று நான்கு வரியில் நிற்பதைப் பார்க்கலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெயர் தனித்தனி வரியில் நின்றால் ஒன்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது என்று பொருள். =ட்ரிம்(எஃப்2) அதை நீக்கும். இணையத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் வேறு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், ட்ரிம்முக்கு அது அடங்காது, அதற்கு =ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(எஃப்2;சார்(160);" ")) போடுங்கள்.

எழுத்து வேறுபாட்டைச் சரிசெய்ய 'மாற்று' என்று புதுத் தாள் ஒன்று திறந்து, ஏ-யில் பட்டியலில் உள்ளபடி பெயரையும் பி-யில் நீங்கள் வைக்க விரும்பும் ஒரே பெயரையும் எழுதுங்கள். பிறகு விவரத் தாளில் புது நெடுவரிசையில் =வீலுக்கப்(எஃப்2;மாற்று!ஏ:பி;2;0) எழுதிக் கீழே வரை இழுத்தால் எல்லாப் பெயரும் ஒழுங்குக்கு வரும், 'மாற்று' தாளில் இல்லாத பெயருக்கு மட்டும் பிழைக்குறி வரும், அதைப் பார்த்து அந்தப் பெயரையும் சேர்த்துவிடலாம். வெறும் 'ஆர்காட்' என்று மட்டும் எழுதியிருந்தால்? வடக்கா தெற்கா என்று ஊகிக்காதீர்கள். 'ஆற்காடு, திசை தெரியாது' என்று தனி வகை வையுங்கள்.

ஜில்லாவை வைத்து 'இத்தனை சதவீதம் தமிழர், இத்தனை சதவீதம் தெலுங்கர்' என்று சொல்வதும் ஆபத்து. இன்றைய சித்தூர் பக்கம் 1911 வரை பெரும்பகுதி வட ஆற்காட்டில்தான் இருந்தது, வட ஆற்காடு என்று போட்டிருப்பவர் வீட்டில் தெலுங்கு பேசியிருக்கலாம். சாதி நெடுவரிசையில் நிலைமை இன்னும் குழப்பம், 'மலபார்' (அன்று தமிழரைக் குறித்த சொல்), 'ஜென்டூ' (தெலுங்கரைக் குறித்தது), 'கிறித்தவர்' என்று மொழியும் மதமும் சாதியும் ஒரே நெடுவரிசையில் கலந்து கிடக்கும். அதை எண்ணி வட்ட வரைபடம் போட்டுக் குடும்பக் குழுவில் அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

வயது: சராசரியா, இடைநிலையா?

எட்டுப் பேர் உள்ள சின்ன எடுத்துக்காட்டு. வயது 24, 22, 30, 25, 20, 28, 3, 1. =ஆவரேஜ் போட்டால் 19,1 வரும். =மீடியன் போட்டால் 23 வரும். பத்தொன்பது வயதுள்ள ஆளே இந்த எட்டுப் பேரில் இல்லை, இரண்டு குழந்தைகள் சேர்ந்து சராசரியைக் கீழே இழுத்துவிட்டார்கள். இடைநிலை அளவு என்பது எல்லோரையும் வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயது, அதனால் ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பேரால் அது பெரிதாக அசையாது. வயது தெரியாத ஒன்பதாவது ஆளுக்கு 0 போட்டிருந்தால் சராசரி 17 ஆகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் பட்டியலுக்கு இதில் எது சரி என்றால், கேள்வியைப் பொறுத்தது. தோட்டத்து வேலைக்கு ஒப்பந்தம் போட்டவர்களின் வயதைக் கேட்கிறீர்களா, கப்பலில் இருந்த எல்லோருடைய வயதையுமா? முதல் கேள்வி என்றால் குழந்தைகளைத் தனியே எடுத்துவிடுங்கள்: =ஆவரேஜ்இஃப்ஸ்(டி2:டி343;டி2:டி343;">=15"). நம் எட்டுப் பேரில் பெரியவர் ஆறு பேருக்குச் சராசரி 24,8, இடைநிலை 24,5 என்று இரண்டும் அருகருகே வந்துவிடுகின்றன. பதினைந்து என்பது நான் வைத்த எல்லை, நீங்கள் வேறு வைக்கலாம், வைத்த எல்லையை எழுதி வையுங்கள்.

ஆண், பெண் தனித்தனியாக இடைநிலை வேண்டும் என்றால் எக்செல்லில் நேரடிச் சூத்திரம் இல்லை, பிவட் டேபிளிலும் இடைநிலை கிடையாது. =மீடியன்(இஃப்((இ2:இ343="எஃப்")*(டி2:டி343>=15);டி2:டி343)) என்று எழுதவேண்டும், பழைய பதிப்புகளில் என்டர் மட்டும் அழுத்தாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும். வயது நிபந்தனையை விட்டுவிட்டு எழுதினால் காலிக் கட்டங்கள் 0 ஆக உள்ளே வந்துவிடும், இது பலருக்குத் தெரியாது.

திட்ட விலக்கம் என்பது வயதுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. எக்செல்லில் இதற்கு =எஸ்டிடெவ்.பி என்றும் =எஸ்டிடெவ்.எஸ் என்றும் இரண்டு உண்டு. கையில் இருப்பது முழுக் கூட்டமும் என்றால் முதலாவது, கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு மாதிரி என்றால் இரண்டாவது. ஒரு கப்பலின் முழுப் பட்டியலும் உங்களிடம் இருந்து, அந்தக் கப்பலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள் என்றால் 'பி'. எட்டுப் பேருக்கும் போட்டால் 10,3, பெரியவர் ஆறு பேருக்கு மட்டும் போட்டால் 3,4. குழந்தைகளைச் சேர்த்ததும் சேர்க்காததும் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

இன்னொன்று. ஃபில்டர் போட்டுப் பெண்களை மட்டும் திரையில் காட்டிவிட்டு =ஆவரேஜ் எழுதினால், மறைந்திருக்கும் ஆண்களையும் சேர்த்துத்தான் அது கணக்கிடும். திரையில் தெரிபவர்களுக்கு மட்டும் வேண்டுமென்றால் =சப்டோட்டல்(101;டி2:டி343) போடுங்கள்.

25, 30, 35 ஏன் இவ்வளவு?

எனக்கு இந்தப் பட்டியல்களில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறந்த தேதி எழுதி வைக்காத காலம், கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டெப்போவில் எழுத்தர் வயது கேட்கிறார், 'ஒரு இருபத்தைந்து இருக்கும்' என்று பதில் வருகிறது, அல்லது எழுத்தரே முகத்தைப் பார்த்து முப்பது என்று எழுதிவிடுகிறார். அதனால் 0-விலும் 5-லும் முடியும் வயதுகள் குவிந்துவிடும். எந்தப் பழைய ஆவணத்திலும் இதை எதிர்பார்க்கலாம், எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்கவும் முடியும்.

முதலில் கண்ணால் பாருங்கள். வயது நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'இன்சர்ட்' பகுதியில் ஹிஸ்டோகிராம் போடுங்கள், இது எக்செல் 2016-இலிருந்து இருக்கிறது. கீழே உள்ள அச்சின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஃபார்மேட் ஆக்சிஸ்' உள்ளே 'பின் விட்த்' அளவை 1 ஆக்குங்கள். சீப்பின் பற்கள் மாதிரி இருபது, இருபத்தைந்து, முப்பது மட்டும் உயர்ந்து நின்றால் வயதுகள் உத்தேசமாக எழுதப்பட்டவை.

இப்போது அளவு. மக்கள்தொகைக் கணக்கில் இதற்கு விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் 0 அல்லது 5-இல் முடியும் வயதுள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும். எல்லோரும் சரியான வயதைச் சொல்லியிருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். ஜே நெடுவரிசையில் =இஃப்(இஸ்நம்பர்(டி2);மாட்(டி2;5);"") என்று எழுதிக் கீழே வரை இழுங்கள், 5-ஆல் மீதியின்றி வகுபடும் வயதுக்கு 0 வரும். இஸ்நம்பர் சோதனையை விட்டுவிட்டால் காலிக் கட்டத்துக்கும் 0 வந்துவிடும், அதற்காகத்தான் அதைச் சேர்த்தது. பிறகு =கவுன்ட்இஃப்ஸ்(ஜே2:ஜே343;0;டி2:டி343;">=23";டி2:டி343;"<=62") மேலே வரும் எண், =கவுன்ட்இஃப்ஸ்(டி2:டி343;">=23";டி2:டி343;"<=62") கீழே வரும் எண். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 500-ஆல் பெருக்குங்கள். 200 பேரில் 90 பேர் அப்படி என்றால் 225. குவியலே இல்லை என்றால் 100, எல்லோரும் 0, 5-இல் முடிந்தால் 500. ஐக்கிய நாடுகள் சபை பயன்படுத்தும் அளவுகோலில் 105-க்குக் கீழே மிகத் துல்லியம், 175-க்கு மேலே போனால் மிகவும் கரடுமுரடு. கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நாற்பதுக்கு மேல் ஆட்கள் குறைவு, ஒரே கப்பலில் 23-க்கு மேல் நூறு பேர்கூட இல்லாமல் போகலாம், அதனால் ஒரு கப்பலுக்குப் போட்டு முடிவுகட்டாமல் பல கப்பல்களைச் சேர்த்துப் போடுவது நல்லது.

குறியீடு அதிகம் என்று தெரிந்தால் வயதைத் தொகுப்பதில் ஒரு சிறு மாற்றம் செய்யவேண்டும். வழக்கமாக 20–24, 25–29 என்று பிரிப்போம், குவியல் ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் விழும். உண்மையில் 24 வயதுள்ளவரை 25 என்று எழுதியிருந்தால் அவர் பக்கத்துப் பிரிவுக்குப் போய்விடுவார். 18–22, 23–27, 28–32 என்று 5-இன் மடங்கு நடுவில் வரும்படி பிரித்தால் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் அதே பிரிவுக்குள் அடங்குவார்கள். பிவட் டேபிளில் வயதை ரோஸ் பகுதியில் வைத்து, ஒரு வயதின் மேல் வலது பொத்தான் அழுத்தி 'குரூப்' கொடுத்து, தொடக்கம் 18, இடைவெளி 5 என்று வையுங்கள். 'குரூப் செய்ய முடியாது' என்று வந்தால் வயது நெடுவரிசையில் இன்னும் எழுத்து மிச்சம் இருக்கலாம், சுத்தம் செய்யும் வேலைக்குத் திரும்பிப் போங்கள்.

பெண்கள் எத்தனை பேர்?

ஆண்கள் 100 பேருக்குப் பெண்கள் 40 பேராவது வரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. உங்கள் கப்பல் அதற்கு எவ்வளவு அருகில் வந்தது என்று பார்க்க =கவுன்ட்இஃப்ஸ்(இ2:இ343;"எஃப்";டி2:டி343;">=15") என்று பெண்களையும் அதேபோல ஆண்களையும் எண்ணி, பெண்களை ஆண்களால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்றால் மொத்தத்தில் 40 சதவீதம் பெண்கள் அல்ல, 140 பேரில் 40, அதாவது 28,6 சதவீதம். பிவட் டேபிள் தரும் சதவீதம் இந்த இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

பல கப்பல்களைச் சேர்க்கும்போது சதவீதங்களுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. ஒரு கப்பலில் 50 பேரில் 20 பெண்கள், 40 சதவீதம். இன்னொன்றில் 400 பேரில் 60, 15 சதவீதம். இரண்டின் சராசரி 27,5. ஆனால் உண்மையில் 450 பேரில் 80 பேர்தான் பெண்கள், 17,8 சதவீதம். தலைகளைக் கூட்டி அப்புறம் வகுங்கள்.

ஆண்டு போகப் போகப் பெண்களின் பங்கு கூடியதா என்று பார்க்கக் கப்பலுக்கு ஒரு வரியாகப் புதுத் தாள் ஒன்று செய்து, ஆண்டு ஒரு நெடுவரிசை, பெண்கள் சதவீதம் ஒரு நெடுவரிசை என்று வைத்து 'ஸ்கேட்டர்' வரைபடம் போடுங்கள். கோட்டு வரைபடம் வேண்டாம். 1866-க்கும் 1874-க்கும் நடுவில் ஆட்களை அனுப்புவது நின்றிருந்தது, கோட்டு வரைபடம் அந்த இடைவெளியைக் காட்டாமல் ஒரே இழுப்பாக இணைத்துவிடும். =கோரல் சூத்திரம் ஒட்டுறவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை, −1-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணாகத் தரும், வரைபடத்தைப் பார்த்த பிறகு அதைப் பாருங்கள்.

இரண்டு கப்பல்களுக்கு இடையே வித்தியாசம் உண்மைதானா?

ஒரு கப்பலில் 150 ஆண்கள், 50 பெண்கள். மற்றதில் 120 ஆண்கள், 60 பெண்கள். 100 ஆண்களுக்கு 33 என்பதும் 50 என்பதும் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியதா என்று கை-வர்க்கச் சோதனையால் பார்க்கலாம். உள்ள எண்களை இரண்டுக்கு இரண்டு கட்டமாக எழுதி, பக்கத்தில் எதிர்பார்க்கும் எண்களுக்கு இன்னொரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த வரியின் மொத்தத்தை அந்த நெடுவரிசையின் மொத்தத்தால் பெருக்கி எல்லோருடைய மொத்தத்தால் வகுக்கவேண்டும், முதல் கப்பலின் பெண்களுக்கு 200 × 110 ÷ 380, அதாவது 57,9. பிறகு =கைஸ்க்.டெஸ்ட்(உள்ள எண்கள்;எதிர்பார்க்கும் எண்கள்) என்று அந்தந்த வீச்சைக் கொடுத்தால் 0,07 வரும். இரண்டு கப்பலும் ஒரே மாதிரி நிரப்பப்பட்டிருந்தாலும்கூட நூறில் ஏழு தடவை இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் என்று அர்த்தம். வழக்கமாக வைக்கும் 0,05 எல்லையை அது தாண்டிவிட்டதால் 'இரண்டு கப்பலும் வேறு வேறு விதம்' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தவிர இந்தச் சோதனை ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்தார்கள் என்று வைத்துக்கொள்கிறது, நம் ஆட்கள் கணவன் மனைவியாகவும் அண்ணன் தம்பியாகவும் சேர்ந்து ஏறியவர்கள், அதனால் அந்த 0,07-ஐ உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லில் 'டேட்டா அனாலிசிஸ்' என்று ஒரு துணைக்கருவி உண்டு, 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ஆட்-இன்ஸ்' வழியாக 'அனாலிசிஸ் டூல்பேக்' தேர்ந்தெடுத்தால் 'டேட்டா' பட்டியலில் வந்து சேரும். சராசரி, இடைநிலை, முகடு (அதிகத் தடவை வரும் எண்), திட்ட விலக்கம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் தரும். ஆனால் பின்னால் ஒரு வயதைத் திருத்தினால் அது தந்த விடைகள் தானாக மாறாது, சூத்திரமாக எழுதியது மாறும். திருத்தம் ஓயாத இந்த வேலைக்கு நான் சூத்திரத்தைத்தான் சொல்வேன்.

கடைசியாக அதே கோப்பில் 'குறிப்பு' என்று ஒரு தாள் போட்டு, பட்டியல் எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் எடுத்தது, பெரியவர் என்று எந்த வயதிலிருந்து வைத்தீர்கள், எத்தனை பேருக்கு வயது இல்லை, எந்த ஜில்லாப் பெயரை எதோடு சேர்த்தீர்கள் என்றெல்லாம் எழுதிவிடுங்கள். குடும்பக் கூட்டத்திலோ கோயில் மலரிலோ விடையைச் சொல்லும்போது சதவீதத்தை மட்டும் சொல்லாமல் '280 பேரில் 70 பேர் பெண்கள், இன்னும் 9 பேருக்குப் பாலினம் படிக்க முடியவில்லை' என்று தலைக்கணக்கோடு சொல்லுங்கள்.